எந்த ஊரிலிருந்தும் பார்க்கலாம்

வாங்க அம்மணி, வாங்க. கம்பெனியில ஆளு அனுப்பறேன்னாங்க, யாரோ ஆம்பளயாளு வருவாருன்னு நெனச்சேன். பரவால்ல, உக்காருங்க. அந்தச் சேர்ல வேண்டாமுங்க, இதுல உக்காருங்க. அது சென்னியப்பன் உக்காந்த சேரு. அதுல எவனும் உக்காரக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன். மரியாதைன்னு நெனச்சுக்காதீங்க. துரோகி உக்காந்த எடம், அதுக்குத்தான். மேல கெடக்கற துண்டும் அவனுதுதான். எடுக்காதீங்க, கெடக்கட்டும்.

பேரென்னங்க? கோகிலவாணியா? நல்ல பேரு. ஏ பொன்னா! ஒறம்பரை வந்திருக்காங்க, டீ எங்கடா?

உங்க ஆபீஸ்ல என்ன சொல்லி அனுப்பினாங்க? 'ஃபயர்வால்ல ரூல் எல்லாம் சரி பாக்கணும்'னா? அதெல்லாம் பொறவு பாத்துக்கலாமுங்க. எனக்கு வேண்டியது ருசு. இந்த மஞ்ச மண்டியிலருந்து என்ற வெலய வெளிய சொன்னவன் சென்னியப்பன்தான்னு அந்த ஃபயர்வால் பெட்டிக்குள்ளருந்து எடுத்துக் குடுங்க. இன்னிக்கு மஞ்ச ஏலம், சாயங்காலம் வியாபாரிங்க சங்கத்துல கூட்டம். நான் அத அங்க வெக்கணும். வெச்சேன்னா அப்பறம் அவன் இந்த ஊர்ல எந்த மண்டிப் படியும் ஏற முடியாது. தலைவரு சொல்லிப்போட்டாரு, 'நல்லசிவண்ணா, வாய்ப்பேச்சு பத்தாது, ருசு கொண்டா'ன்னு. நல்லசிவம் வாய்க்கு ருசு கேக்கற காலம் வந்துருச்சு, பாத்தீங்களா?

நீங்க பெட்டியப் பாருங்க. பாத்துக்கிட்டே கேளுங்க. எனக்குச் சொல்லாம இருக்க முடியாது, நெஞ்சு வெடிச்சுரும்.

நான் படிக்கலீங்க. மாட்டுச் சந்தையில கவுறு புடிச்சு நின்னவன். ஒதையும் வாங்கியிருக்கேன், மாட்டுகிட்டயும் வாங்கியிருக்கேன், மனுசங்ககிட்டயும் வாங்கியிருக்கேன். சென்னியப்பனும் அப்பவே என்ற கூட நின்னவன்தான். ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே துண்டு. அது எதுக்குன்னு தெரியுமா? தெரியாதா? எந்த ஊருங்க நீங்க?

சந்தையில வெலய வாயில பேச மாட்டாங்க அம்மணி. விக்கறவன் கைய நீட்டுவான், வாங்கறவன் கைய நீட்டுவான், மேல துண்டப் போட்டு மூடிக்குவாங்க. உள்ள வெரலுதான் பேசும். இந்த வெரலப் புடிச்சா இவ்வளவு, இத்தன வெரலச் சேத்து அமுக்குனா இவ்வளவு. சுத்தி ஊரே நின்னு வேடிக்கை பாத்தாலும் ஒருத்தனுக்கும் தெரியாது. மூஞ்சியக் கல்லு மாதிரி வெச்சுக்கோணும். எனக்கு மூஞ்சி நிக்கும், வெரலு நிக்காது. கோவம் வந்தா நெரிச்சுப் போடுவேன். சென்னியப்பன் சொல்லுவான், 'சிவம், மாட்டுக்காரன் வெரல ஒடிச்சுப்போட்டு அப்பறம் மாட்ட எப்படிடா ஓட்டிட்டு வருவான்?'னு. அதனால துண்டுக்குள்ள பெரும்பாலும் அவன் கைதான் போகும். நான் பக்கத்துல நின்னு மொறைப்பேன். அப்படித்தான் மேல வந்தோம்... வந்தேன். நான் மேல வந்தேன். அவன் கூட வந்தான்.

வெலங்கறது மறைச்சு வெக்கற பொருளுங்க. அந்தத் துண்டுதான் எனக்குப் பள்ளிக்கூடம். இந்த மண்டி வெச்ச பொறவும் அதே கணக்குத்தான். ஏல நாளு வெடியால, பொழுது கெளம்பறப்பவே, ஏலம் நடக்கற வளாகத்துக்குப் போயி சாம்பிள் பாப்பேன். ஒவ்வொரு விவசாயி மஞ்சளுக்கும் ஒரு குவியல் வெச்சிருப்பாங்க. ஒரு விரலி மஞ்சள எடுத்து ஒடிச்சு, உள்ள நெறம் பாத்து, மோந்து பாத்து, வாயத் தொறக்காம திரும்பி வந்துருவேன். இந்தா, இந்த மேசையில உக்காந்து, எந்தக் குவியலுக்கு என்ன வெலன்னு சீட்டு எழுதி, மடிச்சு, சென்னியப்பன் கையில குடுப்பேன். அவன் கொண்டுபோயி டெண்டர் பெட்டியில போடுவான். எவன் எச்சா எழுதியிருக்கானோ அவனுக்குச் சரக்கு. அவ்வளவுதான் யாவாரம்.

இப்ப என்ன நடக்குதுன்னா, நான் எழுதுன வெலைக்கு மேல துளியூண்டு தூக்கி எழுதி, தெற்கு வீதி மண்டிக்காரன் அர்த்தநாரி எல்லாத்தையும் அள்ளிட்டுப் போறான். துளியூண்டுங்க! டீக்கடையில மிச்சம் குடுக்கற சில்லறை அளவுக்கு. ஒரு தடவைன்னா அதிர்ஷ்டம். ரெண்டு தடவைன்னா கெட்டிக்காரன். ஒவ்வொரு ஏலத்துக்கும்னா? எவனோ சொல்றான். நல்ல விரலி எல்லாம் அவனுக்கு, சொத்தை எல்லாம் எனக்கு. வடக்கே அனுப்பற பெரிய பார்ட்டி போன் பண்ணி, 'என்ன நல்லசிவம், மஞ்சளா மரத்தூளா?'ங்கறான். என்னயப் பாத்து!

சீட்டத் தொடறது நானு, பொறவு சென்னியப்பன். மூணாவது ஆளு கெடையாது. அப்ப எவன்? நீங்களே சொல்லுங்க.

என்னங்க? 'கேமரா எப்ப வெச்சீங்க'ன்னா? நல்லாக் கேட்டீங்க. இதுலதான் என்ற கெட்டிக்காரத்தனமே இருக்குது. தப்பு நடக்கறதுக்கு முன்னாலயே வெச்சேன்! ஒரு நாளு சீட்டு எழுதறப்ப ரோசனை வந்துச்சு. இவன் பக்கத்துலயே நிக்கறானே, எட்டிப் பாத்தா? எத்தன வருசப் பழக்கமா இருந்தா என்ன, மனுசன்தானே? உடனே என்ற தலைக்கு நேரா மேல, அந்தா, அந்த மூலையில ஒரு கேமரா. இருக்கறதுலயே ஒசத்தி. விரலியில ஒட்டுன மண்ணு கூடத் தெரியும்னு கடைக்காரன் சொன்னான். பேசிப் பேசி, கடைசியில மட்டக் கேமரா வெலைக்கு வாங்கிப்போட்டேன். அவன் அழுதுட்டே குடுத்தான். நான் எவ்வளவு முன்ஜாக்கிரதைன்னு பாருங்க, கேமரா வெச்ச அடுத்த மாசமே தப்பு நடக்க ஆரம்பிச்சிருச்சு!

என்ன அப்படிப் பாக்கறீங்க? டீ குடிங்க, ஆறிப்போகுது.

உங்க கம்பெனி ஆளு ஒருத்தன் அப்ப வந்தான், கண்ணாடி போட்டவன். இந்தப் பெட்டிய வெச்சுட்டு எனக்கு வெளக்கம் சொன்னான். 'அண்ணா, உங்க மண்டிக்கு வெளிய ஒரே ஒரு வெலாசம்தான். உள்ள கம்ப்யூட்டருக்கு ஒண்ணு, கேமராவுக்கு ஒண்ணுன்னு தனித்தனி வெலாசம் இருக்கு, அது வெளிய தெரியாது. போறப்ப வர்றப்ப இந்தப் பெட்டி மாத்தி மாத்திக் குடுக்கும். அதுக்குப் பேரு நேட்'டுன்னான். எனக்கு உடனே புரிஞ்சுருச்சு. சீட்டுல மண்டி நம்பரு மட்டும்தானே இருக்கும், உள்ள எவன் எழுதுனான்னு வெளிய தெரியுமா? அதுதான். துண்டுதான்! கம்ப்யூட்டருக்குத் துண்டு போடறான். நல்ல சமாச்சாரம், போடுன்னேன்.

'ஆனா எனக்கு மட்டும் வெளிய இருந்து கேமரா தெரியோணும்'னேன். 'அதுக்கு ஒரு ஆப் போட்டுத் தரேண்ணா. ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டு போட்டு, போனுக்கு வர்ற நம்பரும் போட்டு உள்ள வரலாம்'னான். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். என்ற மண்டிய நான் பாக்கறதுக்கு நான் வாசல்ல நின்னு கதவத் தட்டோணுமா? 'நேராத் தொறந்து உடு'ன்னேன். 'நேராத் தொறந்தா வெளிய இருந்து வர்றத அப்படியே கேமராவுக்குத் திருப்பி உடற மாதிரி ரூல் போடணும்ணா, அது ஆபத்து. சரி, எந்த எடத்துலருந்து பாப்பீங்கன்னு சொல்லுங்க, அந்த எடத்துக்கு மட்டும் தொறக்கறேன்'னான். 'நான் எடம் சொல்லிட்டாடா பாப்பேன்? சேலத்துக்குப் போவேன், பழனிக்குப் போவேன், கக்கூசுக்குப் போவேன். எந்த ஊர்லருந்தும் பாக்கோணும்'னேன். 'அப்ப எனின்னு போடணும்ணா, எனின்னா யாரு வேணா'ன்னு இழுத்தான். 'போட்றா எனி'ன்னேன். 'கேமரா பாஸ்வேர்டயாவது மாத்திக்கலாம்ணா'. 'கேமராக் கம்பெனிக்காரன் வெச்சதே இருக்கட்டும், கேமரா வந்த அட்டைப்பெட்டி மேல ஒட்டியிருக்குது, மறந்தாப் பாத்துக்கலாம்'. அவன் மூஞ்சி சுண்டிப்போச்சு. எவ்வளவு நேரம் மல்லுக்கட்டுனான் தெரியுமா? நான் ஒரு படி கூட எறங்கல. நான் பேசி வெல படியாத ஆளு இன்னும் பொறக்கலீங்க.

அந்தக் கேமராவுலதான் சென்னியப்பனப் புடிச்சேன். எப்படின்னு கேளுங்க. அர்த்தநாரி அள்ளிட்டுப் போன ஒவ்வொரு நாளு படத்தையும் போட்டுப் பாத்தேன். நான் சீட்டு எழுதறேன். இவன் என்ன பண்றான் தெரியுமா? செவுத்தப் பாத்துத் திரும்பி நிக்கறான்! ஒவ்வொரு நாளும்! நான் பேனாவ எடுத்ததும் இவன் மூஞ்சியத் திருப்பிக்கறான். அங்க செவுத்துல என்ன இருக்கு? பல்லி இருக்கு. தப்புப் பண்றவன்தானே அம்மணி மூஞ்சியத் திருப்புவான்? யோக்கியனுக்கு எதுக்கு செவுறு?

அத வெச்சு, மஞ்சள் கொண்டாந்த விவசாயிங்க அத்தன பேரு முன்னால கேட்டேன். கேட்டேன்னா, மெதுவாக் கேப்பனா? நீங்க வர்ற வழியில சோடாக்கடை இருக்குதே, அங்க வரைக்கும் கேட்டுச்சாம். 'அர்த்தநாரிகிட்ட என்னடா வாங்கித் தின்ன?'ன்னேன். அவன் இடுப்புல இருந்த சாவியப் புடுங்கிப்போட்டேன். மத்தவங்க முன்னால என்னய மொதலாளின்னுதான் கூப்புடுவான். அன்னிக்கு எல்லாரு முன்னாலயும், 'சிவம், மடிச்சுக் குடுத்த சீட்ட மடிச்சபடியேதான்டா போட்டேன்'னான். அவ்வளவுதான். சண்டை கூடப் போடல. தோள்ல இருந்த துண்ட எடுத்து அந்தச் சேரு மேல போட்டான். போயிட்டான். சந்தையில ரெண்டு பேரும் வெச்சிருந்த துண்டு அதுதான். நெறமெல்லாம் போயிருச்சு. எதுக்கு உட்டுட்டுப் போனான்? என்னய அவமானப்படுத்தத்தானே?

அவன் துரோகம் எவ்வளவு ஆழம்னு கேளுங்க. அவன் போயி மாசமாச்சு. இப்ப சீட்ட நானே கொண்டுபோயிப் போடறேன். அப்பவும் அர்த்தநாரி துளியூண்டு தூக்கி அள்ளிட்டுப் போறான்! அப்ப என்ன அர்த்தம்? நான் எப்படி ரோசிப்பேன், எந்த நெறத்துக்கு எவ்வளவு எழுதுவேன்னு என்ற மூளையையே அர்த்தநாரிக்குக் கத்துக் குடுத்துட்டுப் போயிட்டான். அப்பேர்ப்பட்ட எமகாதகன்.

ஏனுங்க இருமறீங்க? தண்ணி வேணுமா?

என்ன, பாக்கோணுமா? திருப்புங்க. உங்க லேப்டாப்புல என்ன... இது என்ற தலை! மேல இருந்து தெரியுது. இவ்வளவு வழுக்கையாவா இருக்கு? சரி, என்ற கேமராதானே. அதுல என்ன அதிசயம்? நீங்க எங்க மண்டி நெட்டுல வந்திருக்கீங்க, தெரியுது.

மண்டி நெட்டுல இல்லியா? உங்க போன் நெட்டுலயா? வெளிய இருந்தா? பாஸ்வேர்டு நான் சொல்லவே இல்லியே? ...இந்தக் கம்பெனி செய்யற எல்லாக் கேமராவுக்கும் அதே பாஸ்வேர்டா? என்ற அட்டைப்பெட்டி மேல ஒட்டுனது ஊரு பூரா ஒட்டியிருக்குதா? ஏனுங்க, அத ஏன் பெருசு பண்றீங்க, இன்னும் கிட்ட... அது நான் இன்னிக்கு எழுதிட்டிருக்கற சீட்டு! படிக்காதீங்க! அம்மணி, படிக்காதீங்கன்னா! அந்தத் துண்ட எடுங்க, எடுத்து இது மேல போடுங்க. குடுங்க, நானே போடறேன்.

...ம். சொல்லுங்க. மெதுவாச் சொல்லுங்க.

எனின்னா எல்லாரும். எனக்குத் தொறந்தா எல்லாருக்கும் தொறந்த மாதிரி. வெளிய எவன் வந்து தட்டுனாலும் பெட்டி நேரா அந்தக் கேமராவுக்குத் திருப்பி உடுது. அது நான் போடச் சொன்ன... அந்தக் கண்ணாடிக்காரன் போட்ட ரூல்.

அவன் ஏன் போட்டான்? நான் சொன்னா? நான் சொன்னா போட்டுருவானா? நான் மாட்டுக்கு மஞ்சப் பூசி விரலின்னு வித்துருன்னா விப்பானா? படிச்சவன்தானே, கைய உதறிட்டு எந்திரிச்சுப் போயிருக்கோணும்ல? ஆபத்துன்னு ஒரு வார்த்தை சொல்லி... சொன்னான். சரி, சொன்னான். அழுத்திச் சொல்லியிருக்கோணும். நான் எவ்வளவு அழுத்திச் சொன்னேன்!

இது என்னங்க, வரி வரியா ஓடுது? வெளிய இருந்து வந்தவங்க பதிவா? ஒரே வெலாசம். ஏல நாளு வெடியால மட்டும். மத்த நாளு ஒண்ணும் இல்ல. நம்ம ஊருக்குள்ள இருந்தேதானா? பேரு தெரியாதா? நீங்க பேரு சொல்ல வேண்டாம் அம்மணி. ஏல நாளு வெடியால என்ற வழுக்கையப் பாக்கறதுக்கு இந்த ஊர்ல எவனுக்கு வேலை இருக்கு?

சென்னியப்பன் வீட்டு... அவன் வீட்டுல நெட்டே கெடையாதுங்க. அவன் வெச்சிருக்கறது பட்டன் போனு.

இப்ப? இப்பக் கூடப் பாக்கறானா? இந்த நிமிசமா? அந்தப் பச்சைக் கோடுதானா?

டேய்! பாக்கறயாடா! பாருடா! நல்லாப் பாரு! நான் ஒடிச்ச மஞ்சளுக்கு நீ வெல போடறயா? உனக்குக் கண்ணு இல்ல, மூக்கு இல்ல? ...கேக்காதா? சத்தம் போகாதா? படம் மட்டும்தானா? கெரகம். வாய் அசையறது தெரியுமில்ல? தெரியும். அது போதும் அந்த நாய்க்கு.

மூடுங்க. உடனே மூடிப்போடுங்க அம்மணி. ...இருங்க, இருங்க. மூடுனா அந்தப் பதிவு போயிருமா? எடுத்து வெச்சுட்டீங்களா? சரி. கெட்டிக்காரி. மூடுங்க. கோடு போயிருச்சா? போயிருச்சு. போடா.

...

அடுத்து என்னங்க பண்றது? பேசுங்க. சங்கத்துக்கு ஒரு அறிக்கை எழுதித் தரணும்ல? எழுதுங்க. அர்த்தநாரி திருடிட்டான்னு எழுதுங்க. பேரு எழுத முடியாதா? சரி, வெளிய இருந்து ஒருத்தன் பாத்துட்டான்னு எழுதுங்க. எப்படிப் பாத்தான்னு எழுதித்தான் ஆகோணுமா? கண்ணாடிக்காரன் கவனமில்லாம உட்டுட்டான்னு எழுதுங்க. ஏன், அவன் உங்க ஆளுங்கறதால உங்களுக்கு நோகுதா? ...சரி. இப்படி வெச்சுக்கலாம். முக்காப் பங்கு கண்ணாடிக்காரன், கால் பங்கு நானு. நியாயமா இல்லியா? கேமரா வித்தவனையும் சேத்துக்குங்க. பாஸ்வேர்ட ஒட்டி வித்தவன் அவன்தானே. மூணு பேருக்கும் சமமாப் பிரிச்சுருங்க. வேண்டாமா? பாதி! பாதி எனக்கு. இதுக்கு மேல நான் ஏற மாட்டேன்.

அம்மணி, வெல பேசறப்ப எதிராளி ஒண்ணுமே பேசாம ஒக்காந்திருந்தா எப்படிங்க பேசறது? சென்னியப்பன் இப்படித்தான் ஒக்காந்திருப்பான் துண்டுக்குள்ள. வெரல அசைக்கவே மாட்டான். எதிராளி தானாவே ஏறி ஏறி வருவான்.

...எழுதுங்க. எனின்னு போடச் சொன்னது நல்லசிவம்னு எழுதுங்க. 'வற்புறுத்தி'ன்னு ஒரு வார்த்தை சேத்தறீங்களா? சேத்துங்க, சேத்துங்க. நீங்களும் உங்க வார்த்தையும். சாயங்காலம் நானே படிக்கறேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும், மெதுவாப் படிப்பேன். உக்காந்து கேக்கட்டும் எல்லாரும்.

இருங்க, ஒரு போன் பண்ணிக்கறேன். சென்னியப்பன் எடுக்கறானான்னு பாப்போம்... அலோ. டேய், நான்தான். ...நான்தான்னா நான்தான்! துண்ட உட்டுட்டுப் போயிட்டயில்ல, அத இங்க எவன் காவல் காக்கறது? எனக்கு வேற வேலை இல்லியா? வந்து எடுத்துட்டுப் போ. இப்பவே வா. ...அலோ? ...டேய், மூச்சு உடறது கேக்குது, பேசேன்டா. ...சரி, பேச வேண்டாம். இன்னிக்கு ஏலம். சாம்பிள் பாத்துட்டு வந்துட்டேன், ஒரு குவியல் நல்லா இருக்குது, உள்ள முட்டைக்கரு மாதிரி நெறம். எவ்வளவு எழுதறதுன்னு புடிபடல. அதுக்குத்தான். வேற ஒண்ணும் இல்ல. ...வெச்சுட்டான்.

வருவானா? பெட்டியத்தான பாக்கறீங்க, அவன் வருவானான்னு அது சொல்லாதா? அப்பறம் எதுக்கு அதுக்கு இத்தன வெல.

...அந்தா. சைக்கிள் சத்தம் கேக்குதா? பின் டயருல காத்தே இருக்காது, அவன் சைக்கிளுதான். சீக்கிரம் வேலய முடிங்க. அந்த ஆப்பையே போட்டுருங்க, பாஸ்வேர்டு, போனுக்கு வர்ற நம்பரு, எல்லாம் போட்டுருங்க. நான் கதவத் தட்டியே வர்றேன். என்ன கேக்குது அது? யாரு யாரு உள்ள வரலாம்னா? மொதப் பேரு சென்னியப்பன்னு போடுங்க. என்றது ரெண்டாவது இருக்கட்டும். அவன்கிட்ட பட்டன் போனுதான், நம்பரு வருமில்ல? அது போதும்.

பாஸ்வேர்ட அவனே வெச்சுக்கட்டும். எனக்குச் சொல்ல வேண்டாம். அந்தத் துண்டு மேசை மேலயே இருக்கட்டும், அவன் கையாலயே எடுக்கட்டும். அவன் உள்ள வந்து அந்தச் சேர்ல உக்காந்ததும் உங்க லேப்டாப்ப அவன் பக்கம் திருப்பி வெச்சுருங்க. அவனுக்கு ஒவ்வொரு எழுத்தாத் தேடித்தான் அடிக்க வரும், நேரமாகும். ஆகட்டும்.

அவன் அடிச்சு முடிக்கற வரைக்கும் நான் அந்தச் செவுத்தப் பாத்துத் திரும்பி நின்னுக்கறேன்.